மூத்தவளைப் பாட்டி வீட்டில் விடலாமா?

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 31 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் அன்றாடத்தை, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஒரு நோட்டில் குறித்துவைப்பது அவர் வழக்கம். அந்தக் குறிப்புகளே ஆறு பக்கக் கடிதமாகியிருக்கின்றன. மகளுக்கு 4 வயது 2 மாதம், எல்கேஜி முடிக்கப்போகிறாள். மகனுக்கு 9 மாதம். கணவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மூட்டுவலியோடு மாமியார் உடன் இருக்கிறார். கடிதம் எழுதியவர் ஓர் ஆடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பேறுகால விடுப்பு முடிந்து, சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார். ஜூன் மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

தம்பி பிறந்ததிலிருந்து மூத்தவள் முற்றிலும் வேறு குழந்தையாகிவிட்டாள் என்கிறார். செல்போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள். ஒரு வேளைச் சோறு ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. மூன்று வயதில் நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கிவிட்டது. பால்புட்டி கேட்கிறாள். யாரும் பார்க்காத நேரத்தில் தம்பியின் தொடையைக் கிள்ளுகிறாள். ஒருநாள் மாலை அவள் தட்டைக் கவிழ்த்தபோது தோசைக் கரண்டியால் காலில் ஓர் அடி போட்டுவிட்டதாகவும், “அவள் காலில் இருந்த சிவப்பு மறுநாளே மறைந்துவிட்டது, எனக்குள் மறையவில்லை” என்றும் எழுதியிருக்கிறார். அவளுக்கு ஏதாவது நோயா, செல்போன் எவ்வளவு கெடுதல், அடித்தது அவள் மனதில் வடுவாகிவிடுமா, வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கும் அவர், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பது இதைத்தான்: ஒரு வருடம் மகளைத் திண்டுக்கல் பக்கத்தில் உள்ள தன் அம்மா வீட்டில் விட்டு, அங்கேயே யுகேஜி படிக்கவைக்கலாமா?

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: “சில நாள் சாயங்காலம், நான் இல்லாமல் இருந்தால் இந்த வீடு அமைதியாக இருக்கும் என்று தோன்றுகிறது.” அடுத்த வரியில் பால் கணக்குக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை.

முதலில் உங்களைப் பற்றி

நம் ஊரில் பிரசவமான பெண்ணை நாற்பது நாள் பச்சை உடம்புக்காரி என்று பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு உடம்பும் மனமும் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். மருத்துவம் அப்படிக் கணக்கிடுவதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குழந்தை பிறந்த முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். இரண்டு மாதமாகக் காரணமில்லாமல் மாலையில் அழுகை வருகிறது, கைக்குழந்தை உறங்கும்போதுகூட உங்களுக்கு உறக்கம் பிடிப்பதில்லை, பிடித்த எதிலும் மனம் செல்வதில்லை என்று நீங்களே தனித்தனி இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படிக்கும் ஒரு மருத்துவர் இதை வெறும் அலுப்பு என்று ஒதுக்கமாட்டார்.

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வெளியான, பத்தே கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் அது, இந்த நிலையைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுகிறது. உங்கள் பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ அதைக் கேட்டு நிரப்புங்கள். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அவற்றின் குறையும் இதே முகத்தோடு வரும். மருந்து தேவைப்பட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமே என்று பயப்பட வேண்டாம். பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அந்த ஐந்தாம் பக்க வரியை இன்றிரவே உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். “நான் இல்லாமல் இருந்தால்” என்ற நினைப்பு “போய்விட வேண்டும்” என்று ஒரு நொடி திரும்பினாலும், மருத்துவர் நேரம் கொடுக்கும் நாள்வரை காத்திருக்காமல், யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாமியார் சொன்ன சொல்

உங்கள் மாமியார் இரண்டு விஷயம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். “அடியாத மாடு படியாது” என்பது ஒன்று; அது மாட்டைப் பற்றிய பழமொழி, அதை மாட்டோடு விட்டுவிடுவோம். “பெரியவளுக்குச் சவலை பாஞ்சிருக்கு” என்பது இன்னொன்று. அதை நீங்கள் குத்தல் பேச்சாக எடுத்துக்கொண்டு வருந்தியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் சொன்னவற்றில் மிகச் சரியான சொல் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதாலோ பிறந்ததாலோ தாய்ப்பால் இழந்து, மெலிந்து, நச்சரித்துக்கொண்டே இருக்கும் குழந்தையைத்தான் நம் முன்னோர் சவலைப்பிள்ளை என்றார்கள். 1930-களில் இன்றைய கானா நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர், புரதக் குறைவால் உடல் வீங்கிய குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவ்வூர்த் தாய்மார் சொன்ன ‘குவாஷியார்கர்’ என்ற பெயரையே நோய்க்கு வைத்தார்; அடுத்த குழந்தை வந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல் கடந்த ஒரு மொழிக்கும் நம் மொழிக்கும் ஒரே கவனிப்பு வாய்த்திருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு. உங்கள் மகளுக்குப் பால் குறையவில்லை, சொல்லப்போனால் கூடிப்போயிருக்கிறது, குறைந்திருப்பது நீங்கள். புட்டி கேட்பதும், படுக்கையை நனைப்பதும், ஊட்டச் சொல்வதும் எல்லாம் கைக்குழந்தைக்குக் கிடைப்பவை. அவற்றைச் செய்தால் தனக்கும் அம்மா கிடைப்பாள் என்று நான்கு வயது அறிவு போடும் கணக்கு அது.

கடிதத்தில் “அவள் பெரியவள், புரிந்துகொள்ளும் வயதுதானே” என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. இதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து புதுக் குழந்தையோடு வீடு வரும் நாளில், மூத்த குழந்தையின் கையும் காலும் திடீரென்று பெரிதாகத் தெரிவதை எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். வளர்ந்தது அவள் இல்லை. நம் கண்ணின் அளவுதான் அன்று மாறிவிடுகிறது. தம்பி பிறக்காமல் இருந்திருந்தால் இந்த 4 வயதுக்காரியை இன்னும் இடுப்பில்தான் வைத்திருப்பீர்கள்.

சோறும் பாலும் செல்போனும்

எடை 14 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை 18 கிலோ என்ற பெருமூச்சோடு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 4 வயது நிறைந்த பெண் குழந்தையின் நடு அளவு ஏறக்குறைய 16 கிலோ. இயல்பின் கீழ் எல்லை 12 கிலோ 300 கிராம். மூன்றாம் பிறந்தநாளில் 12 கிலோ இருந்தவள் இப்போது 14 என்றால், இந்த வயதில் ஆண்டுக்கு ஏற வேண்டிய சுமார் 2 கிலோ ஏறத்தாழ ஏறியிருக்கிறது. மெலிந்த குழந்தைதான், ஆனால் நோயாளிக் குழந்தை இல்லை.

அவள் ஏன் சோறு உண்பதில்லை என்பதற்கான விடையை நீங்களே அறியாமல் எழுதிவைத்திருக்கிறீர்கள். சாப்பிடாத வேளைக்கு ஈடாக, நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 200 மில்லி பாலில் சத்துமாவுப் பவுடரும் சர்க்கரையும் கலந்து கொடுக்கிறீர்கள். பால் மட்டும் 800 மில்லி. அதுவே 500 கலோரிக்குக் குறையாது, பவுடரையும் சர்க்கரையையும் சேர்த்தால் 600-ஐத் தாண்டிவிடும். அவள் வயதுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே ஏறத்தாழ 1300 கலோரி. பாதி வயிற்றைப் பாலால் நிரப்பிவிட்டு மீதிப் பாதிக்காகச் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதோடு, மற்ற உணவிலிருந்து அது உடலில் சேர்வதையும் பால் தடுக்கும். அதனால் வரும் ரத்தசோகையே பசியை மேலும் மந்தமாக்கும். ஹீமோகுளோபின் பாருங்கள், 11 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் இரும்புச்சத்து டானிக் எழுதித் தருவார். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தது என்று அங்கன்வாடியிலோ ஊர் நர்ஸிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பாலை நாளுக்கு 400 மில்லிக்குள், இரண்டு வேளையாகக் குறையுங்கள், டம்ளரில்.

செல்போனைப் பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அதே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வரம்பு, 3, 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அறவே கூடாது என்பது. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் 9 மாதத் தம்பியும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். திரையில் கண் பதிந்த குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததும் தெரியாது, வாயில் இருப்பது ரசமா தயிரா என்பதும் தெரியாது. நிறுத்துவதற்கு ஒரே வழி நிறுத்துவதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் முயற்சியில் வெற்றி கண்ட வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் கணவருக்குப் பகல் ஷிப்ட் இருக்கும் வாரத்தில் தொடங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தரையில் சேர்ந்து உட்காருங்கள், எல்லாப் போனும் பீரோவுக்குள் போகட்டும். அவள் தட்டில் இரண்டு கவளம் அளவே வையுங்கள், அவளே எடுத்து உண்ணட்டும், சிந்தட்டும். அரை மணியானதும் திட்டாமல், கெஞ்சாமல், தட்டை எடுத்துவிடுங்கள். படுக்கப் போகும் முன் பால் கேட்டு அழுவாள். வேண்டுமானால் ஒரு வாழைப்பழம் கொடுக்கலாம். இயல்பான எடைக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு வேளைப் பட்டினியால் எந்தக் கெடுதலும் வராது. முதல் மூன்று நாள் வீடு ரணகளமாகத்தான் இருக்கும். மாமியாரின் மனம் கேட்காது. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. இரவு பத்தரைக்கு உறங்கி, வேனுக்காக ஆறரைக்கு எழுந்து, பகலிலும் உறங்காத குழந்தைக்கு எட்டு மணி நேர உறக்கம்தான் கிடைக்கிறது. அவளுக்குத் தேவை 10 முதல் 13 மணி நேரம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் அந்த அடத்தில் பாதி உறக்கக் கடன் என்றே நினைக்கிறேன்.

படுக்கை நனைப்பு, கிள்ளல், அந்த அடி

நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்பி வந்தால், மனக் காரணம் என்று முடிவுகட்டும் முன் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று அவசியம். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்கூட இதைச் செய்யும். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறங்குவது ஆகியவை சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். எல்லாம் சரியாக இருந்தால், விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட்டைப் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். குறிப்பாக அத்தை, சித்தப்பா முன்னால் பேசாதீர்கள்.

தம்பியைக் கிள்ளுவது கெட்ட குணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுவதும் உங்கள் வாயிலிருந்து அவள் கேட்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: தம்பி தூங்குறான், கத்தாதே, தம்பிக்குப் பால் கொடுக்கிறேன், அப்புறம் வா, தம்பிமேல படாதே. கிடைக்காமல் போகும் ஒவ்வொன்றுக்கும் காரணமாக ஒரே ஒருவன் பெயர் சொல்லப்படுகிறது. “எனக்குக் கை வேலையாக இருக்கிறது, இந்தப் பாத்திரத்தைக் கழுவிட்டு வரேன்” என்று உங்கள்மேல் பழியை எடுத்துக்கொள்ளுங்கள்; சில சமயம் தம்பியிடமும், “பொறு கண்ணு, இப்போ அக்கா முறை” என்று அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். ஆனாலும் இருவரையும் தனியே ஓர் அறையில் விடாதீர்கள். 4 வயதுக் கைக்கு அடக்கம் தெரியாது. கிள்ளப் போகும்போது கையைப் பிடித்து, “வலிக்கும், விடமாட்டேன்” என்பதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

அடித்ததற்கு வருகிறேன். அடித்தது தவறு, அதை நான் பூசி மெழுகினால் நீங்களே என்னை நம்பமாட்டீர்கள். ஆனால் ஒரு நாள் மாலை விழுந்த ஓர் அடியால் ஒரு குழந்தையின் மனம் உடைந்துபோய்விடும் என்பதும் தவறான பயம். அதே அடி வழக்கமாகிப் போகும் வீடு வேறு. நீங்கள் அன்றிரவு அவள் உறங்கிய பிறகு காலைத் தடவிக்கொண்டு அழுதீர்கள். அது அவளுக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது சொல்லுங்கள்: “அம்மா உன்னை அடிச்சது தப்பு. கோபம் வந்தாலும் அடிக்கக் கூடாது.” அதோடு நிறுத்துங்கள். “நீ தட்டைக் கவிழ்த்ததால்தானே” என்ற வால் வேண்டாம்.

எல்கேஜி ஆசிரியை கோட்டுக்குள் எழுதவில்லை என்று சொன்னதைக் காற்றில் விட்டுவிடலாம். வட்டம் போட 3 வயது, கூட்டல் குறி போட 4 வயது, முக்கோணம் வரைய 5 வயது என்று கை தேறுகிறது. ‘அ’ எழுத்தில் எத்தனை சுழிவும் கோடும் இருக்கிறது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். டியூஷன் வேண்டாம்.

திண்டுக்கல்லுக்கு அனுப்புவது

இதில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் எனக்குப் புரிகிறது. ஒரு வருடம் மூச்சுவிட நேரம், வேலைக்குத் திரும்பும் வசதி, பேத்திமேல் உயிராக இருக்கும் பாட்டி, தோட்டம், மாடு, கன்று. நம்மில் பலர் அப்படி வளர்ந்தவர்கள்தான், கெட்டுப்போய்விடவில்லை. என் தம்பி பிறந்தபோது நானும் ஒன்றரை வருடம் பாட்டி வீட்டில் விடப்பட்டவள். பாட்டி என்னைத் தரையில் நடக்கவிட்டதில்லை. ஆனாலும் என் ஊரிலிருந்து வரும் நாலு மணிப் பேருந்துக்குத் தினமும் போய் நிற்பேனாம். திரும்பி வந்தபோது அம்மாவை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்டேனாம். அம்மா அதைக் கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது வேறு மாதிரி விளங்குகிறது.

உங்களுக்கு ஒரு வருடம் என்பது 31-இல் ஒன்று. அவளுக்கு இதுவரையிலான ஆயுளில் ஏறக்குறைய கால்வாசி. தம்பி வந்ததால் தன் இடம் போய்விடுமோ என்று பயந்து அடம் பிடிக்கும் குழந்தையிடம், ஆமாம், போய்விட்டது என்று செயலில் சொல்லிக் காட்டுவதாக அது முடியும். அங்கே போய் அவள் சமர்த்தாகிவிட்டாள் என்று பாட்டி போனில் சொன்னால்கூட நான் மகிழமாட்டேன். கேட்டுக் கிடைக்காது என்று தெரிந்த குழந்தைகளும் சமர்த்தாகத்தான் இருக்கும். உங்கள் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் கட்டாயம் என்று சொன்னால் ஒழிய, இந்த வயதில், இந்தச் சமயத்தில் அனுப்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மே மாத விடுமுறையில் நால்வருமாகப் போய்ப் பதினைந்து நாள் இருந்து வருவது வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

அனுப்பாவிட்டால் மூச்சுவிட நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: “அவர் பாவம், களைத்து வருகிறார்.” உண்மையாக இருக்கலாம். ஆனால் மூத்தவளைக் குளிப்பாட்டுவதும், இரவில் கதை சொல்லி உறங்கவைப்பதும் அவருடைய வேலை என்று இனி வைத்துக்கொள்ளுங்கள். உதவி என்று சொல்லாதீர்கள், உதவிக்கு லீவு உண்டு. இரவு ஷிப்ட் வாரத்தில் கதையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாமியாரால் ஓட முடியாது, ஆனால் உட்கார்ந்த இடத்தில் கைக்குழந்தையை அரை மணி நேரம் மடியில் வைத்திருக்க முடியும். அந்த அரை மணியில் பதினைந்து நிமிடம் மூத்தவளோடு மட்டும் இருங்கள். என்ன விளையாட்டு என்பதை அவள் சொல்லட்டும், நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மீதிப் பதினைந்து நிமிடத்தில் படுத்துக்கொள்ளுங்கள், துணி மடிக்காதீர்கள்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் 26 வார விடுப்போடு நிற்கவில்லை என்பது தெரியும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் அது சொன்னது; அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் 80 பேர் என்கிறீர்கள். காப்பகம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள், தயங்கினால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போது எழுதாதீர்கள். இரண்டு மாதம் உறங்காத ஒருவர் எடுக்கும் முடிவு அது. சிகிச்சைக்குப் பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் அப்போது விடலாம்.

உங்கள் அம்மாவிடம் பேசுங்கள்: ஜூன் மாதம் பேத்தி அங்கே வரவில்லை, நீங்கள் வேலைக்குத் திரும்பும் முதல் இரண்டு மாதத்துக்குப் பாட்டிதான் இங்கே வர வேண்டும் என்று. மாடு இருப்பதால் அவரால் எங்கும் நகர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே ஊரில் உங்கள் தம்பி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாட்டை இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரிடம் யாராவது இதுவரை கேட்டார்களா?